குறுந்தகட்டில் பத்திரப்படுத்த எந்த மென்பொருள் நல்லது?

(விராலிமலையில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாடு முடிந்த கையோடு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாயசத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் விஷயம் என்றால் பாதிப் பேருக்குக் கண் சொக்கும். பரவாயில்லை, தூங்குகிறவர்கள் மலரில் படித்துக்கொள்ளலாம். அதற்காகத்தானே செயலாளர் எழுதியும் கேட்டிருக்கிறார்!

இந்த ஊர்க் கடைவீதியில் நான் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துவது உங்களுக்குத் தெரியும். நம்மவர்கள் யார் வந்தாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாப்ளே, சி.டி., டி.வி.டி.யில போட்டு வைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?" இதற்கு ஒரே வார்த்தையில் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தப் பெயர் பத்து வருஷத்தில் மாறிவிடும். தகட்டில் போட்டு வைத்தது மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே பெயரைச் சொல்வதற்கு முன்னால், தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லுகிறேன்.

இந்தக் காலத்தில் தகடு எதற்கு?

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "எல்லாம் கூகுள்ல இருக்கே அங்கிள்" என்கிறார்கள். இருக்கட்டும், அதுவும் ஒரு பிரதிதான். ஆனால் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய தகட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எழுதி முடித்துவிட்டால் அதை யாரும் திருத்தவோ அழிக்கவோ முடியாது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற பணம்பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல்களையெல்லாம் பூட்டிப் பணம் கேட்டது. அந்த மாதிரி வைரஸ், கம்ப்யூட்டரோடு கூடவே செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்கையும் விடாது. அலமாரியில் இருக்கும் தகட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது காரணம், நம் எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே தகடுகள் இருக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், கடைக் கணக்கு என்று 2000-ஐ ஒட்டிய பதினைந்து இருபது வருஷம் முழுக்க அதில்தான் கிடக்கிறது.

மூன்றாவது காரணம் அவசரமானது. இந்தத் தொழிலே மூடிக்கொண்டு வருகிறது. நாம் தமிழ்ப் படங்களை மலிவு விலைத் தகட்டில் வாங்கினோமே, அந்த மோசர் பேயர் நம் நாட்டுக் கம்பெனி. 1983-இல் தொடங்கி, உலகத்திலேயே பெரிய தகடு உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. 2018-இல் அதைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. 2025 பிப்ரவரியில் சோனி கம்பெனி எழுதக்கூடிய ப்ளூ-ரே தகடு செய்வதை நிறுத்தியது. புது மடிக்கணினிகளில் தகடு போடும் இடமே இல்லை. ஆக, இன்று எழுதுகிற தகட்டை நாளைக்குப் படிக்கப் போகிறவர், நம்மிடம் இருக்கும் கம்ப்யூட்டரையோ மென்பொருளையோ வைத்திருக்க மாட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பர்ன் பண்ணும்போது என்ன நடக்கிறது?

எழுதக்கூடிய தகட்டுக்குள் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் ஒளி அதைச் சூடாக்கும் இடத்தில் பளபளப்பு குறைகிறது. பளபளப்பான இடம், மங்கின இடம், இந்த வித்தியாசம்தான் எழுத்து. இது டிரைவ் செய்யும் வேலை.

மென்பொருள் செய்வது வேறு வேலை. எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பொருளடக்கம் தயாரிக்கிறது, அதை எந்த முறையில் எழுதுவது என்று தீர்மானிக்கிறது, கடைசியில் கணக்கை முடிக்கிறது. நம் கடைப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் வரவு செலவு எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் எழுதினவர் தனக்கு மட்டும் புரியும் குறியீட்டில் எழுதியிருந்தால், அடுத்து வருகிற கணக்குப்பிள்ளை என்ன செய்வார்?

என் மேஜைக்கு வந்த இரண்டு தகடுகள்

நம் செட் நண்பர் ஒருவர் ஒரு டி.வி.டி. கொண்டுவந்தார். அவருடைய அப்பா பேசின ஒரு குடும்ப விழா. அப்பா இப்போது இல்லை. வேறு எந்தப் பதிவிலும் அவர் குரல் கிடையாது. எந்த கம்ப்யூட்டரில் போட்டாலும் "காலித் தகடு" என்று வருகிறது. நண்பர் முகம் வாடிப்போயிருந்தது. தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவிலிருந்து பாதி தூரம்வரை நிறம் மாறி இருந்தது. எழுதியிருக்கிறது என்று அர்த்தம். எழுதிக் கொடுத்தவர்கள் பிறகு இன்னும் சேர்க்கலாம் என்று நினைத்தோ என்னவோ, கணக்கை முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். படிக்க மட்டும் தெரிந்த டிரைவுக்கு அப்படிப்பட்ட தகடு வெற்றுத் தகடுதான். எழுதத் தெரிந்த ஒரு டிரைவில் போட்டு, உள்ளதை அப்படியே நகல் எடுத்தோம். குரல் கிடைத்தது.

இரண்டாவது கதை நம்முடன் படித்த ஒரு சகோதரியுடையது. அவருடைய தந்தையார் தமிழாசிரியர். இந்தச் சுற்று வட்டாரத்து நடவுப் பாட்டு, தாலாட்டு, கோயில் கதைகள் எல்லாம் வருஷக்கணக்காகத் திரட்டி, 2001-இல் ஒரு இடத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்து சி.டி.யில் வாங்கி வைத்திருந்தார். கைப்பிரதி கறையானுக்குப் போய்விட்டது. சி.டி. மட்டும் மிச்சம். அது நன்றாகவே இருந்தது, ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. ஆனால் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் கொம்புமாகக் கிறுக்கல்! ஏன் தெரியுமா? அந்தக் காலத்தில் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று அரசு தரம் வகுத்தது. வெளியே டிஸ்கி என்று இன்னொரு முறை. இவை தவிர அச்சகங்கள் வைத்திருந்தது தனி. எந்த எழுத்துருவில் தட்டினார்களோ அது கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் தமிழ், தமிழாகத் தெரியாது. அந்த எழுத்துருவைத் தகட்டில் போடவே இல்லை.

நல்ல வேளையாக அந்த ஆசிரியர் அச்செடுத்துப் பார்த்த இரண்டு பக்கம் ஒரு நோட்டுக்குள் இருந்தது. அந்த எழுத்தின் அமைப்பைத் திருச்சியில் பழைய டி.டி.பி. ஆபரேட்டர் ஒருவரிடம் காட்டினோம். பார்த்த உடனே எழுத்துருவின் பெயரைச் சொன்னார். அதன் பிறகு எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றினோம். முதல் பக்கம் தமிழில் தெரிந்தபோது அந்தச் சகோதரி வாசிக்கவில்லை, திரையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பக்கக் காகிதம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு தகட்டிலும் பொருள் இருந்தது. படிக்க வழிதான் இல்லை. எனவே நான் சொல்வது இதுதான்: எழுதும் மென்பொருளை, படிக்கப் போகிறவரை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்து கேள்விகள்

மென்பொருளை வாங்கும் முன்போ இறக்கும் முன்போ இந்த ஐந்தையும் கேளுங்கள்.

ஒன்று: இதில் எழுதியதை இந்த மென்பொருள் இல்லாமலே படிக்க முடியுமா? சில மென்பொருள்கள் 'பேக்கப்' என்ற பெயரில் எல்லா ஃபைலையும் சேர்த்துத் தங்கள் சொந்த முறையில் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். பிரிக்க அதே மென்பொருள் வேண்டும். அது வேண்டவே வேண்டாம். படம் படமாக, கடிதம் கடிதமாக, சாதாரண ஃபைலாகவே எழுத வேண்டும். தகட்டின் முழு நகலைச் சேமிப்பதானால் .ஐ.எஸ்.ஓ. என்ற பொது வடிவில் சேமியுங்கள். நீரோவின் .என்.ஆர்.ஜி. போன்ற தனி வடிவம் வேண்டாம்.

இரண்டு: எழுதியபின் சரிபார்க்கிறதா? 'வெரிஃபை' என்று ஒரு கட்டம் இருக்கும். எழுதியதைத் திரும்பப் படித்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நேரம் இரட்டிப்பாகும் என்று பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். சாவியைத் திருப்பிய பிறகு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோமே, அது மாதிரிதான் இது. இந்த வசதி இல்லாத மென்பொருளை நான் கையால் தொடமாட்டேன்.

மூன்று: கணக்கை முடிக்கிறதா? 'ஃபைனலைஸ்' அல்லது 'குளோஸ் டிஸ்க்' என்று இருக்கும். பத்திரப்படுத்தும் தகட்டில் அதைக் கட்டாயம் போட வேண்டும். கொஞ்சம் இடம் மீதியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். விண்டோஸில் வெற்றுத் தகட்டைப் போட்டவுடன் ஒரு கேள்வி வரும்: யு.எஸ்.பி. டிரைவ் போலப் பயன்படுத்தவா, சி.டி., டி.வி.டி. பிளேயரில் ஓடும்படி எழுதவா என்று. முதலாவது சுலபமாகத் தோன்றும். நீங்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். அதுதான் பல இடங்களில் படிக்கும்.

நான்கு: தமிழ்ப் பெயரைத் தாங்குமா? தகட்டுப் பொருளடக்கத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9660 என்று 1988-இல் வந்த தரம் உண்டு. அதன் கண்டிப்பான வடிவில் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு, இவை மட்டும்தான். பெயரும் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். மைக்ரோசாப்ட் அதன்மேல் சேர்த்த ஜோலியட் முறையில் தமிழ்ப் பெயர் வைக்கலாம், 64 குறிகள்வரை. ஆனால் நாம் எண்ணுவது வேறு, அது எண்ணுவது வேறு. 'விராலிமலை' நமக்கு 5 எழுத்து. கம்ப்யூட்டருக்குக் கொம்பும் காலும் தனித்தனி என்பதால் 9. நீளமான தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டுப் போவது இதனால்தான். யு.டி.எஃப். என்ற முறை இன்னும் தாராளம், 4 ஜி.பி.க்கு மேலான ஒரே வீடியோ ஃபைலுக்கும் அதுவே ஏற்றது. நான் செய்வது என்னவென்றால், ஃபைலுக்குச் சுருக்கமான ஆங்கிலப் பெயரும் வருஷமும் வைத்துவிட்டு, விவரத்தைத் தமிழில் யுனிகோடில் ஒரு எளிய குறிப்பு ஃபைலாக எழுதி அதே தகட்டில் போட்டுவிடுவேன்.

ஐந்து: எங்கிருந்து வருகிறது? இலவசம் என்று எங்கெங்கோ இறக்கினால், கூடவே நாலு விளம்பர நிரலும் ஒட்டிக்கொண்டு வரும். நிறுவும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படித்து, வேண்டாததை நீக்குங்கள். பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி வேண்டாம். பத்திரத்துக்காகச் செய்யும் வேலையில் திருடனை வீட்டுக்குள் விடலாமா?

சரி, பெயரையும் சொல்லிவிடுகிறேன்

ரோம் நகரம் எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்தான் என்று கதை உண்டு. அதை வைத்து ஜெர்மனிக்காரர்கள் 'நீரோ பர்னிங் ராம்' என்று ஒரு மென்பொருளுக்குப் பெயர் வைத்தார்கள். 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் நம் ஊரில் பர்ன் என்றாலே நீரோதான். நல்ல மென்பொருள். பின்னால் வந்த பதிப்புகளில் வீடியோ வெட்டுவது, பாட்டு ஓட்டுவது எல்லாம் சேர்ந்து மூட்டை பெருத்துவிட்டது. வாங்கி வைத்திருப்பவர்கள் அதில் 'டேட்டா டிஸ்க்' என்ற ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, சரிபார்க்கும் கட்டத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு இலவசமாக 'இம்க்பர்ன்' இருக்கிறது. 2005-இல் வந்தது. கடைசிப் பதிப்பு 2013. பழசாயிற்றே என்று பயப்பட வேண்டாம், தகட்டின் தரம் அதற்குப் பிறகு ஒன்றும் மாறிவிடவில்லை. சரிபார்த்தலைத் தானாகவே செய்கிறது, என்ன நடந்தது என்று வரிக்கு வரி குறிப்பும் தருகிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'கே-த்ரீ-பி' இருக்கிறது. ஐந்து கேள்விக்கும் பதில் சொல்கிற மென்பொருள், நிரல் வரிகளும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. சும்மா நாலு படம் எழுத வேண்டும் என்றால், நான் மேலே சொன்ன விதத்தில் விண்டோஸ் தருவதே போதும். ஆனால் அது தானாகச் சரிபார்க்காது. நீங்கள்தான் தகட்டை வெளியே எடுத்து, மறுபடி போட்டு, இன்னொரு கம்ப்யூட்டரிலும் திறந்து பார்க்க வேண்டும்.

எழுதியபின் செய்ய வேண்டியது

வேகத்தை நடுத்தரமாக வையுங்கள். 16 மடங்கு என்று போட்ட டி.வி.டி.யை 8-இல் எழுதினால் போதும். அவசரத்துக்குக் குறைந்த விலைத் தகடு வாங்காதீர்கள். 4.7 ஜி.பி. என்று அட்டையில் இருந்தாலும் விண்டோஸ் 4.37 என்றுதான் காட்டும். அது ஏமாற்று அல்ல, எண்ணும் முறை வேறு. விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் விட்டு எழுதுங்கள்.

சி.டி.யில் மேல்பக்கம்தான் பலவீனம், பல பேருக்கு இது தெரியாது. பெயர் எழுதும் பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே பளபளப்புப் படலம் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் போச்சு. தகட்டுக்கென்றே இருக்கும் மார்க்கரால் நடு வளையத்தில் எழுதுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். நம் ஊர் வெயிலும் கார்த்திகை மாத ஈரமும் சாயத்துக்கு ஆகாது. நிழலில், பெட்டிக்குள், நிற்கவைத்து வையுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வெளியூரில் என்பார்கள். தகடு ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஒன்று, மூன்றாவது மகள் வீட்டிலோ மகன் வீட்டிலோ. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, அதை மறக்க முடியுமா? அலமாரியோடு ஓடு பறந்தால் அலமாரிக்குள் மூன்று பிரதி இருந்து என்ன பயன்? 1981-இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிக்கப்பட்டபோது சாம்பலானவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன.

நம் மாவட்டத்துக் கல் சொல்லும் பாடம்

இதெல்லாம் புது விஷயம் என்று நினைக்க வேண்டாம். அன்னவாசலுக்குப் பக்கத்தில் குடுமியான்மலை இருக்கிறது. அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டின பாறையில், ஏறக்குறைய 1300 வருஷத்துக்கு முன்னால் இசைச் சுரங்களை வரிசை வரிசையாகக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாணாக்கர்களின் நன்மைக்காக என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. இதைவிட உறுதியான பேக்கப் உண்டா? கல் அப்படியே நிற்கிறது. எழுத்தையும் படித்துவிட்டார்கள். ஆனால் ஒரே சுரத்தை ர, ரி, ரு, ரெ என்று நான்கு விதமாக எழுதியிருப்பதை எப்படிப் பாடுவது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை. குறியீட்டுக்கு விளக்கம் கூடவே வரவில்லை. அந்தத் தமிழாசிரியரின் சி.டி.யில் எழுத்துரு இல்லாமல் போனதும் இதுவும் ஒன்றுதானே!

திருமயத்தில் இன்னும் மோசம். அங்கேயும் பாறையில் இசைக் கல்வெட்டு இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதைச் செதுக்கி எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறு சாசனத்தை வெட்டிவிட்டார்கள். சில சொற்களே தப்பின. திரும்பத் திரும்ப எழுதும் தகட்டில் பத்திரப்படுத்தாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊர் விஷயத்துக்கே வருகிறேன். இந்த மலைமேல் முருகன் சன்னதியில் சதிர் ஆடிவந்தவர்கள் 32 பேர். அந்தப் பரம்பரையின் கடைசி நடனக் கலைஞராக எஞ்சியவர் விராலிமலை முத்துக்கண்ணம்மாள் அம்மா. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது ஊரே பெருமைப்பட்டது. 32 பேரிடம் இருந்தது ஒருவரிடம் வந்து நின்றது. படம் பிடித்து வைத்தால் மட்டும் ஆட்டம் பிழைக்காது, கற்றுக்கொள்ள ஆள் வேண்டும். ஆனாலும் பிடித்த படமாவது நாளைக்குத் திறக்க வேண்டாமா?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரி நாட்களின் புகைப்படங்கள், விழாப் பதிவுகள், ஆசிரியர்களின் பேச்சு, இவை ஆளுக்கொரு வீட்டில் தகடாகக் கிடக்கின்றன. அடுத்த சந்திப்புக்கு வரும்போது எல்லோரும் எடுத்து வாருங்கள். சங்கத்தின் பேரில் வெளியே வைத்துச் செருகும் டி.வி.டி. ரைட்டர் ஒன்று வாங்கி வைப்போம். டிரைவ் கிடைக்கும்போதே வாங்கினால்தான் உண்டு. பழைய தகடுகளை எல்லாம் படித்து ஹார்ட் டிஸ்கில் ஏற்றுவோம். பழைய தமிழ் எழுத்துருவில் இருப்பதை யுனிகோடுக்கு மாற்றுவோம். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தங்கள் இலக்கியத் தொகுப்பை டிஸ்கியிலிருந்து யுனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள், நம்மால் நூறு பக்கத்தை மாற்ற முடியாதா? பிறகு புதுத் தகட்டில் எழுதி, சரிபார்த்து, கணக்கு முடித்து, ஒன்றைச் சங்கத்திலும் ஒன்றை வெளியூரிலும் வைப்போம். தகட்டோடு ஒரு காகிதமும் இருக்கட்டும்: என்ன இருக்கிறது, எந்த வருஷம், எந்த மென்பொருளில் எழுதியது, எதைக் கொண்டு திறப்பது என்று. அந்தக் காகிதத்துக்கு மின்சாரம் தேவையில்லை.

இந்த வேலைக்கு என் கடையில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுக்க இடம் உண்டு. காசு கிடையாது, டீ மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும்.